எல்லாரையும் உள்ளே

காவல் நிலையத்தில் 'உள்ளே' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. வீட்டு வாசலில் நின்று "உள்ளே வாங்க" என்றால் அது மரியாதை. வேலை கேட்டுப் போன இடத்தில் "உள்ளே போங்க" என்றால் அது நல்ல சகுனம். காவல் நிலையத்தில் மட்டும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றால், அவர் வீட்டில் யாரோ அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லால் ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு தெருவே போலீஸ் வண்டியில் ஏறியது.

ஏட்டையா கெட்டவர் இல்லை. பணி ஓய்வை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். தெருநாய்க்குக்கூட வழிவிட்டு நடப்பவர். ஆனால் இடது காது கொஞ்சம் மந்தம். அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஜனங்கதான் வாயைத் திறந்து பேசறதில்லை" என்பார். தொலைபேசியை எப்போதும் அந்தக் காதில்தான் வைப்பார். வலது கை பேனா பிடிக்க வேண்டுமே.

அன்று காலை அழைத்தவர் தலைமையகத்து எழுத்தர். அச்சடித்த தாள் பேசினால் எப்படி இருக்குமோ அப்படிப் பேசுகிறவர்.

"இது சமத்துவ வாரம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெரு உங்க எல்லைக்குள்ள வருது இல்லையா? அந்த மக்களை நம்ம துறை இதுவரைக்கும் வெளியிலேயே நிறுத்தி வெச்சிருக்கு. இனிமேல் எந்தப் பாகுபாடும் பார்க்காம எல்லாரையும் உள்ளே கொண்டுவரணும். ஆண், பெண், வயசானவங்க, ஒருத்தர்கூட விட்டுப் போகக் கூடாது. மதியம் பெரிய மேடம் நேர்ல வந்து பார்ப்பாங்க. ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு பண்ணிடுங்க."

கம்பியில் ஒரே இரைச்சல். சமத்துவம் இரைச்சலில் போயிற்று. வாரம் மட்டும் வந்து சேர்ந்தது. கூட்டமும் போயிற்று. "வெளியிலேயே வெச்சிருக்கு", "பாகுபாடு பார்க்காம", "எல்லாரையும் உள்ளே", "மேடம் பார்ப்பாங்க" ஆகியவை மட்டும் பத்திரமாக ஏட்டையாவின் காதுக்குள் இறங்கின.

அவர் இன்ஸ்பெக்டர் அறைக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். அன்று முழுவதும் நின்றுகொண்டே இருப்பதென்று முடிவு செய்திருந்தார். அவருடைய புதுக் கால்சட்டை இடுப்பில் இறுக்கியதால், அதைப் பிரித்துத் தைக்கக் கொடுத்திருந்தார் அவர் மனைவி. இப்போது போட்டிருப்பது பழையது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"சார், தலைமையகத்துல இருந்து போன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருவை மொத்தமா உள்ள கொண்டாரணுமாம்."

"மொத்தமாவா? என்ன கேஸ்?"

"அதைச் சொல்லலை. இத்தனை நாளா ஏன் வெளிய விட்டு வெச்சீங்கன்னு ஒரே கோவம். பாகுபாடே பார்க்கக் கூடாதாம். ஆம்பளை பொம்பளை எல்லாரும்."

"எத்தனை நாளைக்கு?"

"வாரம்னு காதுல விழுந்துச்சு சார்."

"ஒரு வாரமா! சோறு யாருய்யா போடறது?"

"மதியம் பெரிய மேடமே வந்து பார்க்கறாங்களாம்."

இன்ஸ்பெக்டருக்குச் சோறு மறந்துவிட்டது. பெரிய மேடம் வரும்போது லாக்கப் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சியது. "வண்டியை எடுங்க" என்றார். பிறகு, "பொம்பளைங்களும் இருக்காங்களே, புதுசையும் கூட்டிட்டுப் போங்க."

புதுசு என்பது நிலையத்தின் ஒரே பெண் காவலருக்கு எல்லோரும் வைத்த பெயர். வந்து ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆகியும் பெயர் பழசாகவில்லை. அவள் அந்தத் தெருப் பெண். அந்தத் தெருவிலிருந்து காவல் துறைக்கு வந்த முதல் ஆள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு சைக்கிள் காணாமல் போனால், போலீஸ் வண்டி யோசிக்காமல் அந்தப் பக்கம் போகும். அது பல வருடப் பழக்கம். அப்படி ஒருமுறை அவளுடைய அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம், "நீ இல்லை, போ" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் நடந்தே வீடு வந்தார். அவர் மேல் குற்றம் இல்லை என்று நிலையத்துக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக் கடைத்தெருவுக்குத் தெரியாது. அவரிடம் துணி தைக்கக் கொடுத்தவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அவர் காலமான பிறகு அம்மாதான் அதே தையல் மிஷினை மிதித்து, வாடிக்கையை மறுபடி ஒவ்வொருவராகச் சேர்த்தாள்.

அதனால் மகள் போலீஸ் வேலைக்குத் தேர்வானபோது அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"போ. வேணாங்கலை. ஆனா நீ அங்க இருக்கும்போதே அந்த வண்டி நம்ம தெருவுக்குக் காரணமில்லாம வந்துச்சுன்னா, அன்னைக்கே இந்தச் சட்டையைக் கழட்டிடணும். சம்மதமா?"

"சம்மதம்மா" என்று சொல்லிவிட்டாள் மகள். கடவுள் சாட்சியாகச் சொன்ன சொல். அம்மா அதன்பிறகு அந்தச் சட்டையை நிமிர்ந்து பார்த்ததில்லை. மகள் காலையில் கிளம்பும்போதெல்லாம் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொள்வாள்.

இப்போது அந்த வண்டி கிளம்பி நின்றது.

"என்ன கேஸ் ஐயா?" என்றாள் புதுசு.

"மேலிடத்து உத்தரவு."

"அது யாரு சொன்னதுங்கறதுக்குப் பதில். நான் என்ன கேஸ்னு கேட்டேன்."

"புதுசு, கேள்விங்கறது நாம மத்தவங்களைக் கேக்கறதும்மா. நம்மளை நாமே கேக்கறதில்லை. ஏறு."

"ஒரே ஒரு போன் போட்டு..."

"ஏறுன்னா ஏறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவள் ஏறினாள். தான் இல்லாமல் வண்டி போனால் இன்னும் மோசம் என்பது அவள் கணக்கு.

தெருமுனையில் வண்டி நின்றதும் ஏட்டையா இறங்கி, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பவர்போல் கைகூப்பினார்.

"எல்லாரும் ஏறுங்க. தள்ளாதீங்க. வயசானவங்களுக்கு முன்சீட்டு."

"எதுக்கு?" என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் புதுசுக்குப் பொறுக்கவில்லை. அடுப்பை அணைத்தார்கள், குழந்தைகளைப் பக்கத்துத் தெரு உறவுக்காரியிடம் விட்டார்கள், வந்தார்கள். மழை வந்தால் கொடியில் இருக்கும் துணியை எடுப்பதுபோல் அவர்களுக்கு அது பழகியிருந்தது.

குடை ரிப்பேர்க்காரர் மட்டும் படியில் கால் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "வண்டிக்கு பெயின்ட் அடிச்சிருக்கீங்க போல? போன தடவையை விடப் பளபளன்னு இருக்கே."

"ஆமாண்ணே, உங்களுக்காகத்தான்" என்றார் ஏட்டையா, அவர் நக்கல் செய்வது தெரியாமல்.

சலூனுக்குள் ஒருவர் முகம் முழுக்க நுரையுடன் சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னம் பாக்கி.

"சார், எழுந்திருங்க. வண்டியில ஏறுங்க."

நுரைக்காரர் துள்ளி எழுந்தார். "யோவ், நான் பேங்க் மேனேஜர்!"

"இருக்கட்டும் சார். பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு."

"நான் இந்தத் தெருவே கிடையாது! ஷேவ் பண்ண வந்தேன்!"

"இன்னைக்கு எல்லாரும் ஒண்ணுதான் சார்."

"என்னைப் பார்த்தா குத்தவாளி மாதிரியா இருக்கு?"

சலூன்காரர் கத்தியைத் துடைத்து மடித்து வைத்தபடி மெதுவாகக் கேட்டார். "எங்களைப் பார்த்தா எப்படி சார் இருக்கு?"

மேனேஜர் வாயைத் திறந்தார். நுரை உள்ளே போனது. மூடிக்கொண்டார்.

கடைசி வாசல் தையல் கடை. அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தாள்.

"அம்மா, நீ உள்ள போய் இரு. நான் ஐயாகிட்டச் சொல்லிக்கறேன்" என்றாள் புதுசு, குரலைத் தாழ்த்தி.

"தெருவே ஏறுது. நான் மட்டும் ஏறலைன்னா நாளைக்கு இந்த ஜனங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?" அம்மா கத்தரிக்கோலை இழுப்பறையில் வைத்தாள். கடையைப் பூட்டினாள். வண்டிப் படியில் ஏறியதும் திரும்பி நின்றாள். முதல் தடவையாக அந்தச் சட்டையைப் பார்த்தாள்.

"சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா கண்ணு?"

"இருக்கும்மா."

"சரி. நகரு. எனக்குப் பின்னாடி ஆள் நிக்கறாங்க."

லாக்கப்பில் இருந்த இடத்தில் பாதித் தெருதான் உட்கார முடிந்தது. மீதிப் பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். கதவைச் சாத்தினால் யாராவது நசுங்குவார்கள் என்று ஏட்டையா திறந்தே வைத்தார். பிறகு அவர் முகம் வாடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வயதானவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். போய் ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதுவும் போதாது என்று தோன்ற, இன்னொரு முறை போனார்.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து சத்தம் வந்தது. "என் மேஜை ஃபேன் எங்கேய்யா?"

"உள்ள இருக்கு சார்."

"அதையுமா உள்ள போட்டீங்க?"

"பெரியவங்களுக்கு வேர்க்குது சார். உங்களுக்கு ஜன்னல் இருக்குல்ல."

புதுசு தன் மேஜைக்கு முன்னால் நின்றாள். வேலையை விடுவதாக ஒரு வரி எழுத வேண்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. இந்த வேலையை அவள் அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியிருந்தாள். விடியுமுன் எழுந்து தண்டவாள ஓரமாக ஓடி, தெருநாய்கள் துரத்த இன்னும் வேகமாக ஓடி, அந்த வேகத்திலேயே தேர்வில் முதலாவதாக வந்தவள். பேனாவின் மூடியைத் திறந்தாள். அப்போது தொலைபேசி அடித்தது. ஏட்டையா தண்ணீர்க் குடத்தோடு இருந்ததால் அவளே எடுத்தாள்.

"தலைமையகம். மேடம் கிளம்பிட்டாங்க. கூட்டத்துக்கு நாற்காலி போட்டாச்சா?"

"என்ன கூட்டம்?"

"சமத்துவ வாரக் கூட்டம்தான். அந்தத் தெரு மக்களைக் காவல் துறையோட அரவணைச்சு உள்ளே கொண்டுவர்றதுக்கு. காலையிலயே விரிவாச் சொன்னேனே. மக்கள் எல்லாம் வந்துட்டாங்களா?"

புதுசு லாக்கப்பைப் பார்த்தாள். "ஒருத்தர் விடாம வந்துட்டாங்க."

"அருமை! உற்சாகமா இருக்காங்களா?"

உள்ளேயிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. "இந்த நுரை காஞ்சு போய் இழுக்குதுய்யா!"

"மேடம் வந்து அவங்களே பார்த்துக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

செய்தியைக் கேட்ட இன்ஸ்பெக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். உட்காரவும் முடியாதே. ஏட்டையா குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார், ஏதோ அது கழன்று விழுந்துவிட்டதுபோல்.

"அரவணைக்கறதா?" என்றார் மெல்ல. "அதுக்கு ஏன் உள்ள கொண்டாரச் சொல்லணும்? கட்டிப் புடின்னு சொல்லியிருக்கலாமே!"

இன்ஸ்பெக்டர் அவரை விட்டுவிட்டு லாக்கப்புக்கு ஓடினார். "எல்லாரும் வெளிய வாங்க! சீக்கிரம்! சிரிச்ச முகமா வாங்க! ஹால்ல நாற்காலி போடறோம்!"

யாரும் அசையவில்லை.

"வாங்கம்மா, எந்திரிங்க. தப்பு நடந்து போச்சு."

அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "என்ன தப்பு?"

"அது... ஒரு சின்ன குளறுபடி."

"எதுக்கு உள்ள வெச்சீங்கன்னு இன்னும் யாரும் சொல்லலை. எதுக்கு வெளிய வரணும்னும் தெரியலை. காரணம் தெரியாம உள்ள வந்தாச்சு. காரணம் தெரியாம வெளிய வேற போகணுமா?"

"அதானே" என்றார் குடை ரிப்பேர்க்காரர். "எனக்கு இங்க ஃபேன் வேற இருக்கு. வீட்டுல கிடையாது."

தெருவே சிரித்தது. சிரித்துவிட்டு, யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நிலையத்தின் வரலாற்றில் லாக்கப்பை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் அவர்கள்தான்.

இன்ஸ்பெக்டர் புதுசிடம் கெஞ்சினார். "உங்க அம்மாதானேம்மா, நீ சொல்லும்மா."

"இந்த நேரத்துல நான் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க சார். கேக்கவும் கூடாது."

வாசலில் கார் வந்து நின்றது.

பெரிய மேடம் ஒடிசலான பெண்மணி. நரைத்த முடியை இறுகக் கட்டியிருந்தார். ஹாலுக்குள் வந்து, வரிசையாகப் போட்டிருந்த வெறும் நாற்காலிகளைப் பார்த்தார். "கூட்டம் எங்கே?"

"உள்ளே மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அவருக்கே நா குழறியது.

மேடம் எட்டிப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் ஒரு தெரு. நடுவில் ஒரு மேஜை விசிறி. அதன் முன்னால் அரைத்தாடி நுரையுடன் ஒருவர்.

அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி ஏட்டையா கையில் கொடுத்தார். "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. எனக்கும் இடம் விடுங்க" என்று சொல்லி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தரையில் உட்கார்ந்த பிறகு அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் நிற்க முடியுமா? ஏட்டையா உட்கார்ந்தார். புதுசு உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களும் உட்காருங்க."

"பரவாயில்லை மேடம்."

"அட, உட்காருங்க."

மேலிடத்து உத்தரவு. இன்ஸ்பெக்டர் கடவுளை வேண்டிக்கொண்டு, மெல்ல மெல்லக் குனிந்தார். பாதி வழியில் ஒரு சத்தம் கேட்டது. துணிக்கடையில் புடவை கிழிப்பது போன்ற நீளமான, தயக்கமே இல்லாத சத்தம்.

உடனே அம்மாவின் குரல் எழுந்தது. "நல்ல பேன்ட் என் கடையிலதான் இருக்கு சார். உங்க வீட்டம்மா குடுத்தாங்க. காலைல முடிச்சிருப்பேன். வண்டி வந்துடுச்சு."

லாக்கப் குலுங்கியது. மேடம் சிரித்ததில் கண்ணீரே வந்துவிட்டது. மேனேஜரும் சிரித்தார், காய்ந்த நுரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் சிவந்துபோய் உட்கார்ந்தே விட்டார். இனி கிழிய அதில் எதுவும் இல்லை. எல்லாரையும்போல் தரையில் உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் மேடம் கேட்டார். "இங்க எப்படி வந்தீங்க எல்லாரும்?"

இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார். "வண்டி அனுப்பி அழைச்சிட்டு வந்தோம் மேடம்."

பொய் இல்லை. மேடம் அம்மாவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அம்மா தலையைத் திருப்பினாள். "அங்க ஒருத்தி உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு இருக்கா. அவளைக் கேளுங்க."

எல்லோரும் புதுசைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரின் கண்கள் கெஞ்சின. எப்படியும் இன்றோடு முடியப்போகிற வேலை, அதை நேராகவே முடித்துக்கொள்வோம் என்று அவள் நினைத்தாள்.

"அழைச்சிட்டு வரலை மேடம். பிடிச்சிட்டு வந்தோம். போன்ல சொன்னது தப்பாக் காதுல விழுந்துடுச்சு."

"என் காதுதான் மேடம்" என்றார் ஏட்டையா உடனே. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைபோல் கையைத் தூக்கியிருந்தார். "இடது காது. ரொம்ப நாளாவே சரியில்லை. இவங்க யாரும் காரணம் இல்லை."

"காது மட்டும் இல்லை ஐயா" என்றாள் புதுசு. "மேட்டுல பங்களாத் தெரு இருக்குல்ல, அந்தத் தெருவை மொத்தமா உள்ள கொண்டாங்கன்னு ஒரு போன் வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

ஏட்டையா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "திருப்பிக் கேட்டிருப்பேன். பத்துத் தடவை கேட்டிருப்பேன். போன் பண்ணினவருக்குப் பைத்தியமான்னுகூட நினைச்சிருப்பேன்."

"இந்தத் தெருன்னதும்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குடை ரிப்பேர்க்காரர், சலூன்காரர், அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தவர்கள். "நம்பிட்டேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. "உடனே நம்பிட்டேன்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "என்ன கேஸ்னு இந்தப் பொண்ணு காலைல கேட்டுச்சு மேடம். நான்தான் ஏறுன்னு சொன்னேன். உத்தரவு போட்டது நான். ஏட்டையா மேல எதுவும் வேணாம்."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார். மனிதனுக்குள் நல்ல புத்தி எந்த நேரத்தில் விழித்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்குக் கால்சட்டை கிழிந்த பிறகு.

மேடம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பேச எழுதிவந்த உரை. பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "இது இப்ப வேணாம். உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். வேற என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

"பெயின்ட் அடிச்ச வண்டியிலயே திருப்பி விடுங்க" என்றார் குடை ரிப்பேர்க்காரர்.

"நேரா எங்க தெருவுக்கு வேணாம்" என்றாள் அம்மா. "எங்க தெருவுக்கு எங்களைத் தெரியும். வண்டி போனப்ப இந்தப் பக்கத்துக் கடைத்தெருவே பார்த்துச்சு. எங்களுக்கு வேலை குடுக்கறவங்க அவங்கதான். அங்க நிறுத்தி, நாங்க ஒரு தப்பும் பண்ணலைன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு."

மேனேஜர் எழுந்தார். புகார் கொடுக்கப்போகிறார் என்று இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னைப் பேங்க்ல இறக்கிட வேணாம்" என்றார் மேனேஜர். "நானும் கடைத்தெரு வரைக்கும் இவங்களோடவே வரேன். அங்க என்னைத் தெரியாதவங்க கிடையாது. நான் பக்கத்துல நின்னா நம்புவாங்க." பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அப்புறம் சலூனுக்குப் போகணும். பாதி பாக்கி இருக்கு."

அப்படியே நடந்தது. கடைத்தெரு நடுவில் வண்டி நின்றது. ஏட்டையா எங்கிருந்தோ ஒலிபெருக்கியைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். "பொதுமக்கள் கவனத்திற்கு!" என்று அவர் தொடங்கியதில் ஒரு மாடு மிரண்டு ஓடியது.

"மைக் வேணாம் ஐயா. சும்மா சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டுக் கடை கடையாக நடந்தார். கிழிசலை ஒரு கோப்பால் மறைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பின்னால் போனார். "இவங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க. தப்பு எங்க மேல." மளிகைக் கடையில் சொன்னார்கள், மருந்துக் கடையில் சொன்னார்கள். ஏற்கெனவே சொன்ன கடை என்பதை மறந்து பாத்திரக் கடையில் மறுபடியும் சொன்னார்கள். மேனேஜர் பக்கத்தில் நின்று, "நானும் உள்ளதான் இருந்தேன். ரொம்ப நல்ல மனுஷங்க" என்று சேர்த்துக்கொண்டார். கடைக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து, உடைந்த குடை ஒன்றைக் குடை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பெரிய காரியம் இல்லைதான். ஆனால் குடை ரிப்பேர்க்காரர் அதை விரித்துப் பார்த்த விதத்தில், அன்று காலையிலிருந்து அவர் வேடிக்கை பேசியதெல்லாம் எதை மறைக்க என்று புரிந்தது.

கடைசியாகத் தையல் கடை வாசலில் அம்மாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். அம்மா பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். புதுசு வாசற்படியிலேயே நின்றாள்.

"அம்மா. நான் சொன்ன சொல்லு..."

"காலைல நீ என்ன கேஸ்னு கேட்டியாமே. அந்த இன்ஸ்பெக்டர் சொன்னாரே."

"கேட்டேன். பதில் வரலை."

"ம்." அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மகளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். முகம் இறுகியிருந்தது. "சட்டையைக் கழட்டு."

புதுசுக்கு உலகமே நின்றுபோனது. இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கடைக்குள் போனாள். திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றி, வீட்டுத் துணியை மாற்றிக்கொண்டு, மடித்த சட்டையை அம்மா கையில் வைத்தாள்.

அம்மா அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"யாருடி தைச்சது இதை?"

"ஆபீஸ்ல குடுத்ததும்மா."

"காலைல இருந்து பார்க்கறேன், காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே நிக்குது. இதைப் போட்டுக்கிட்டா அவ்வளவு பேர் முன்னாடி பேசின?" அம்மா ஊசியால் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். "நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கு டூட்டி?"